கடிவாய் சிறிது, காயம் பெரிது

"சண்டையில் கடிபட்டு வந்த பூனைக்கு என்ன செய்வீர்கள்?" என்று முதலாண்டு பௌதிக வகுப்பில் ஒருநாள் கேட்டேன். அழுத்தம் பற்றிய பாடத்தின் நடுவே பூனை எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் சற்றுத் திகைத்தார்கள். பிறகு விடைகள் வரத் தொடங்கின. மஞ்சள் தூள் வைப்போம். காப்பித் தூள் அப்புவோம். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைப்போம். கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தடவுவோம். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால் துண்டு பாலில் கரைத்துக் கொடுப்போம். கடைசி வரிசையிலிருந்து ஒருவன், "ஒண்ணும் செய்ய வேணாம் சார், அதுவே நக்கிச் சரி பண்ணிக்கும்" என்றான். வகுப்பே சிரித்தது.

கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவோம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. எங்கள் வேங்கிக்கால் பக்கத்தில் மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் பொழுது விடிவதற்குள் மாட்டாஸ்பத்திரி வாசலில் நிற்பார்கள். ஆட்டுக்கும் அப்படித்தான். பூனையைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் தெருவே சிரிக்கும். விலங்குகளிடம் அன்பு இல்லாத ஊர் என்று திருவண்ணாமலையைச் சொல்லிவிடவும் முடியாது. இங்குள்ள ரமணாசிரமத்தில் 1948-இல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி உண்டு. பக்கத்திலேயே ஒரு மானுக்கும், ஒரு நாய்க்கும், ஒரு காகத்துக்கும்கூட உண்டு. ஆகவே குறை அன்பில் இல்லை. கடிபட்ட பூனையின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, அதுதான் குறை. அதைக் கொஞ்சம் பௌதிகத்தோடு சேர்த்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

பூனையின் கோரைப்பல்லைப் பார்த்திருக்கிறீர்களா? ஊசி போல மெல்லியது, சற்றே வளைந்தது. அதன் முனையின் பரப்பு கால் சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாடை 10 நியூட்டன் விசையுடன், அதாவது ஒரு கிலோ எடைக் கல்லைத் தாங்கிப் பிடிக்கும் அளவு விசையுடன், மூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 கோடி பாஸ்கல் வரும். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் பாஸ்கல்தான். அதைப்போல் 400 மடங்கு! தோல் எம்மாத்திரம்? பல் சிறு துளை போட்டுத் தசைக்குள் ஆழமாக இறங்கி, வந்த வழியே வெளியேறிவிடுகிறது. மேலே பார்த்தால் ஒரு புள்ளி. ரோமம் மூடிய உடம்பில் அந்தப் புள்ளியும் கண்ணில் படுவதில்லை.

பல் வெறுங்கையோடு போவதில்லை. பூனைகளின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா மல்ட்டோசிடா போன்ற பாக்டீரியாக்களை உள்ளே விட்டுவிட்டு வருகிறது. வெளித் துளை ஒன்றிரண்டு நாட்களில் மூடிக்கொள்கிறது. நாம் "ஆறிவிட்டது" என்று மகிழ்கிறோம். உள்ளே வெதுவெதுப்பு, ஈரம், உணவு எல்லாம் இருக்கின்றன; காற்று மட்டும் குறைவு. பாக்டீரியாக்களுக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்குமா? அவை பெருகுகின்றன. அவற்றை எதிர்க்க வெள்ளையணுக்கள் படையெடுக்கின்றன. இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் அந்த இடம் வீங்கிச் சீழ்க்கட்டி ஆகிறது. பூனை மூலையில் சுருண்டு படுக்கிறது; உணவைத் தொடுவதில்லை. கட்டி உடைந்து நாற்றம் வீசும்போதுதான் வீட்டார் விழித்துக்கொள்கிறார்கள்.

முதல் நாளிலேயே மருத்துவர் பார்த்துத் தக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தால் பெரும்பாலும் கட்டி வராமலே தடுத்துவிடலாம். ஐந்தாம் நாள் கொண்டுபோனால் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்ற வேண்டியிருக்கும். செலவும் வலியும் பல மடங்கு. சோம்பலுக்கு நாம் கொடுக்கும் விலை என்று இதைச் சொல்லலாம். ஆனால் விலையைக் கொடுப்பது பூனை.

"பூனை எதையும் தாங்கும், எப்படிப் போட்டாலும் காலில்தான் விழும்" என்று சிலர் வாதிடுவார்கள். காலில் விழுவது உண்மை. 1894-இல் பாரிஸில் எத்தியேன் ழூல் மாரே என்பவர், விழும் பூனையை அடுத்தடுத்துப் படமெடுத்து அறிவியல் கழகத்தையே வியக்க வைத்தார். பற்றிக்கொள்ள எதுவுமில்லாத அந்தரத்தில் பூனை எவ்வாறு திரும்புகிறது? முன்னுடலை ஒரு பக்கமும் பின்னுடலை மறுபக்கமும் திருப்பி, காலை நீட்டியும் மடக்கியும் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. கோண உந்த அழிவின்மை விதி மீறப்படுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. ஆனால் அழகாக விழத் தெரிந்த பிராணிக்குச் சீழ் பிடிக்காது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

பூனை வலியை வெளிக்காட்டாது என்பதும் நம்மை ஏமாற்றுகிறது. எலிக்கு அது வேட்டைக்காரன். நாய்க்கு அதுவே இரை. நொண்டுவதை எதிரி பார்த்துவிட்டால் ஆபத்து. எனவே ஒளிந்துகொள்ளும். கட்டிலுக்கடியில் போய்ப் படுத்தது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டது, வழக்கமான இடத்துக்குத் தாவவில்லை என்றால் தேடிப் பாருங்கள். எதிர்த்து நின்று சண்டையிட்ட பூனைக்கு முகத்திலும் முன்கால்களிலும் கடி இருக்கும். திரும்பி ஓடிய பூனைக்கு வாலின் அடிப்பக்கத்தில் இருக்கும். வீரனா கோழையா என்று கண்டுபிடிக்க வேண்டாம். கடிவாயைக் கண்டுபிடியுங்கள், போதும்.

காய்ச்சல் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். பூனையிடம் இது பலிக்காது. மூன்று கிண்ணங்களில் குளிர்ந்த நீர், வெதுவெதுப்பான நீர், பொறுக்கும் சூட்டில் நீர் எடுத்து, ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் மற்றதைச் சூடான நீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் நடுக் கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். ஒரு கை "சூடு" என்னும், மற்றொன்று "குளிர்" என்னும். கை வேறுபாட்டைத்தான் உணர்கிறது, வெப்பநிலையை அளப்பதில்லை. நம் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். நலமான பூனைக்கு 38.1 முதல் 39.2 வரை. ஆகவே பூனை எப்போதும் நமக்குச் சூடாகத்தான் தோன்றும். மூக்கு ஈரமாக இருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் பயன்படாது. மருத்துவர் தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடிய ஓர் அளவீடு உண்டு. பூனை படுத்திருக்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வில் 15 முதல் 30 வரை இருப்பது இயல்பு. 40-ஐத் தாண்டினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. நலமாக இருக்கும் நாட்களிலேயே எண்ணி நோட்டில் குறித்து வைத்தால் ஒப்பிட எளிது. கடிகாரமும் பொறுமையும் போதும். பூனையைத் தொடவே வேண்டாம்.

இப்போது வீட்டு வைத்தியத்துக்கு வருவோம். மஞ்சளுக்கு நான் எதிரி அல்லன். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்காவில் 1995-இல் ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. அது இந்தியர்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்த செய்தி என்று நம் நாட்டின் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் சான்றுகளுடன் வாதாடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் கடைத் தூள் கிருமி நீக்கப்பட்டதன்று. ஆழமான துளையின் வாயில் அதை அப்பினால் அது உள்ளே போய் வேலை செய்யாது; வெளியேற வேண்டிய கசிவை அடைக்கும் மூடியாகத்தான் மாறும். காப்பித் தூளும் அதே வேலையைத்தான் செய்கிறது. மண்ணெண்ணெயும் கற்பூரமும் இன்னும் மோசம். பூனை தன் உடம்பில் ஒட்டிய எதையும் நக்கி விழுங்கிவிடும். தோலில் தடவியது வயிற்றுக்கும் போகும் என்று கொள்ளுங்கள். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெண்மையாக மாறும் கிருமிநாசினிகளும் பூனைக்கு நஞ்சு.

எல்லாவற்றிலும் கொடியது அந்தக் கால் துண்டுக் காய்ச்சல் மாத்திரை. பாரசிட்டமால் நமக்குப் பழகிய மருந்து. அளவோடு கொடுத்தால் குழந்தைக்கும் தீங்கில்லை. பூனைக்கு மட்டும் ஏன் ஆகாது?

ஒரு கணக்குப் போடுவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 500 மில்லிகிராம் மாத்திரை சாப்பிட்டால், கிலோவுக்குச் சுமார் 8 மில்லிகிராம். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு அதே மாத்திரையைக் கொடுத்தால் கிலோவுக்கு 125 மில்லிகிராம், பதினைந்து மடங்கு. "அப்படியானால் பதினைந்தில் ஒரு பங்கு கொடுத்தால் சரியாகிவிடுமே?" என்று கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் கேட்பார். நல்ல கேள்வி. விடை: ஆகாது! நேர்விகிதம் எங்கும் பொருந்தும் என்று நினைப்பது பௌதிக மாணவர்களுக்கே உரிய நோய். ஓம் விதிகூட எல்லாப் பொருள்களுக்கும் பொருந்துவதில்லை அல்லவா? நம் கல்லீரல் பாரசிட்டமாலை ஒரு சர்க்கரைப் பொருளுடன் இணைத்துக் கரையச் செய்து சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. இணைக்கும் அந்த நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. இறைச்சியே உண்டு வாழ்ந்த பரம்பரைக்குத் தாவரப் பொருள்களை முறிக்கும் கருவி தேவைப்படவில்லை போலும். மருந்து வேறு பாதையில் சிதைந்து நச்சாகிறது. அந்த நஞ்சு இரத்தத்தின் ஹீமோகுளோபினைத் தாக்கி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாததாக்கிவிடுகிறது. ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறுகிறது. முகம் வீங்குகிறது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தும் பூனை மூச்சுத் திணறிச் சாகிறது. ஒரே மாத்திரை போதும். பூனைக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஐபுபுரூஃபன் போன்ற மற்ற வலி மாத்திரைகளையும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

ஓர் உயிரினத்துக்கு மருந்தானது இன்னோர் உயிரினத்துக்கு நஞ்சாவது புதுமையன்று. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அந்த மாடு இறந்தபின் அதைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் சில இனப் பாறு கழுகுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. காரணம் 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மாட்டை நேசித்தவர்கள்தாம் அந்த ஊசியைப் போடச் சொன்னார்கள்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்யலாம்? கொஞ்சம்தான். சண்டையிட்டு வந்த பூனை மிரண்டிருக்கும், உடனே தூக்காதீர்கள். பெரியவர் ஒருவரை அழையுங்கள். தடித்த துண்டைப் போர்த்தி, அமைதியான, பாதி இருட்டான அறையில் விடுங்கள். இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காயம் வெளியே தெரிந்தால் உப்பு நீரால் கழுவலாம். கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் தலைதட்டிய ஒரு சிறு கரண்டி உப்பு. இந்த அளவில் நீரின் உப்புச் செறிவு உடல் திரவத்தின் செறிவுக்கு ஏறத்தாழச் சமமாகிறது. சவ்வூடு பரவல் படித்தவர்களுக்குக் காரணம் விளங்கும். வெறும் நீர் செல்களுக்குள் புகுந்து வீங்க வைக்கும். அதிக உப்பு செல்களிலிருந்து நீரை இழுக்கும். கட்டு எதுவும் போட வேண்டாம். பிறகு காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ கூடையிலோ வைத்து மருத்துவரிடம் போக வேண்டியதுதான். கண்ணிலோ, மார்பிலோ, வயிற்றிலோ கடி என்றால், அல்லது கடித்தது நாய் என்றால், அந்த மணி நேரமே போக வேண்டும். மாட்டாஸ்பத்திரி என்ற பெயரைக் கண்டு தயங்காதீர்கள். கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர் நாய், பூனை மருத்துவமும் சேர்த்தே படித்தவர்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் பகுதி. எங்கள் தெருவில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுவனின் பூனை காயத்தோடு வந்தது. அவன் அதைத் தூக்கினான். வலியில் அது அவன் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. விரலைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு இரண்டு நாள் பள்ளிக்குப் போய்வந்தான். மூன்றாம் நாள் சோறு பிசைய முடியாமல் இடக்கையை நீட்டியபோது அம்மா பார்த்துவிட்டார். விரல் வாழைப்பூ மடல் போலச் சிவந்து வீங்கியிருந்தது. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். பிறகு நான் கேட்டபோது அவன் சொன்ன காரணம் இதுதான்: "சொன்னா பூனையத் தூக்கி வெளிய போட்டுடுவாங்க சார். அப்புறம் தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி."

சிறுவன் இன்று நலமாக இருக்கிறான். ஆனால் அந்த இரண்டு நாட்களை எண்ணினால் எனக்கு நடுக்கம் வருகிறது. பூனைக்கடி ஆழமானது, கைமூட்டுகளுக்குள் விரைவில் சீழ் பிடிக்கும். அது ஒரு பக்கம். ரேபிஸ் என்னும் வெறிநோய் இன்னொரு பக்கம். இந்நோய் பெரும்பாலும் நாய்க்கடியால்தான் மனிதருக்கு வருகிறது. உலகக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பார்கள். ஆனால் பூனைக்கும் அது வரும், பூனையாலும் பரவும். நம் பூனை இரவில் எந்தப் பிராணியோடு சண்டையிட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்? நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. தோன்றுமுன் தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம். 1885 ஜூலை 6-ஆம் நாள் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசி போட ஏற்பாடு செய்ததிலிருந்து உலகம் அறிந்த உண்மை இது. நம் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் தொடங்கப்பட்டதும் இதற்காகவே.

கடிபட்டால் முதல் வேலை குழாயடிக்கு ஓடுவது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். ரேபிஸ் வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும், மறுமுனை கொழுப்பை நாடும். அது உறையைப் பிய்த்துவிடுகிறது. உறை போனால் வைரஸ் செயலிழக்கும். எண்ணெய்ப் பாத்திரம் துலக்கும் அதே பௌதிகம்தான். 15 நிமிடம் என்பது நீண்ட நேரம், கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு மருத்துவமனை. காயத்தின் தன்மையைப் பொறுத்து, கடிவாயைச் சுற்றி நோய் எதிர்ப்புப் புரத ஊசியும் போடுவார்கள்.

பதினான்கு ஊசி என்பது பழைய கதை. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தத் தடுப்பு மருந்தை இந்தியா 2004-இல் நிறுத்திவிட்டது. இன்று கையில்தான் ஊசி. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள் என நான்கு முறை. கட்டணம் கிடையாது. கடித்த பூனையை விரட்டவோ கொல்லவோ கூடாது. பத்து நாள் கண்காணிக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால் கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் வைரஸ் இல்லை என்று பொருள். ஆகவே அந்தச் சிறுவனின் அச்சத்துக்கு நேர்மாறாக, பூனை வீட்டிலேயே இருப்பதுதான் மருத்துவருக்கு உதவி. ஆனால் ஊசியை அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது; அன்றே தொடங்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "பூனையைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா" என்று ஓர் அறை கொடுத்தால் பிள்ளை பூனையைத் தொடாமல் இருக்கப் போவதில்லை. அடுத்த கடியை மறைக்கத்தான் கற்றுக்கொள்வான். திட்டுவதானால் ஊசி போட்டு வந்த பிறகு திட்டிக்கொள்ளுங்கள். பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது, பாஸ்டரின் நினைவு நாளான செப்டம்பர் 28 உலக ரேபிஸ் நாளாகவும் இருப்பதால் அன்றே, "கடிபட்டால் அடி கிடையாது, சொல்லிவிடுங்கள்" என்று தலைமை ஆசிரியர் அறிவிக்கலாம். இரண்டு நிமிட வேலை.

"இவ்வளவு செய்தாலும் அது மறுபடியும் சண்டைக்குத்தானே போகும்?" என்பார்கள். போகும்தான். சண்டைக்குப் போவது பெரும்பாலும் கடுவன் பூனை. எல்லைக்காகவும் பெட்டைக்காகவும் போகிறது. கடியால் பரவும் வேறொரு வைரசும் இருக்கிறது. பூனைகளின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் அதை 1986-இல் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு அது தொற்றாது. கருத்தடை அறுவை செய்துவிட்டால் பெரும்பாலான கடுவன்கள் ஊர் சுற்றுவதும் சண்டையிடுவதும் வெகுவாகக் குறையும். ரேபிஸ் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் காலத்தில் திரும்பப் போட வேண்டும்.

எங்கள் தெருச் சிறுவனின் பூனைக்கு இரண்டும் ஆயிற்று. அதைக் கடித்த சாம்பல் நிறக் கடுவன் இன்னும் ஏரிப் பக்கத்திலிருந்து இரவில் மதில்மேல் வந்து உட்கார்ந்து ஊளையிடுகிறது. அதற்குச் சொந்தக்காரர் கிடையாது. அதைப் பிடிக்கக் கூண்டு ஒன்றுக்கும், மருத்துவச் செலவுக்கும் தெருவில் பணம் சேர்க்கிறோம். இதுவரை ஐந்து வீடுகள் கொடுத்திருக்கின்றன.